செலினியமும் மார்பகப் புற்றுநோயும்



இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், உயிரியல் வகுப்பு ஆரம்பமாகும் முன் எங்கள் தோழி ஒருத்தி தன் பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து மேசைமீது வைத்தாள். அது அவளுடைய பெரியம்மாவின் அலமாரியில் இருந்ததாம். பெரியம்மாவின் மார்பில் சிறு கட்டி ஒன்று தோன்றி ஏழு மாதங்கள் ஆகியும் அவர் அதனை வீட்டில் எவரிடமும் கூறவில்லை. கூச்சம் ஒருபுறம், அச்சம் மறுபுறம். தெரிந்தவர் ஒருவர் வாங்கித் தந்த அந்த மாத்திரையை மட்டும் நாள்தோறும் தவறாமல் விழுங்கி வந்தார். "செலினியம் சேர்ந்தது, புற்றுநோயை அண்ட விடாது" என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. பின்னர் செய்தி வெளிப்பட்டு, அறுவைச் சிகிச்சையும் நடந்தது. இப்பொழுது அவர் தேறி வருகிறார்.

"சிஸ்டர், இந்த மாத்திரை உண்மையிலேயே புற்றுநோயைத் தடுக்குமா? நானும் அம்மாவும் இதைச் சாப்பிடலாமா?" என்று தோழி கேட்டாள். வகுப்பில் எவருக்கும் விடை தெரியவில்லை. சிஸ்டரும் உடனே விடை கூறவில்லை. "நீங்களே படித்து விடை கண்டு வாருங்கள். விளம்பரத்தை வைத்துவிட்டு ஆராய்ச்சியைப் படியுங்கள்" என்றார்.

அவ்வாறு அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் நால்வர் மூன்று மாதங்கள் படித்துத் திரட்டியவற்றையே இக்கட்டுரையாக உங்கள்முன் வைக்கிறோம். பெரியம்மாவின் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம்.

நிலவின் பெயர் பெற்ற தனிமம்

சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் பெர்சீலியஸ் 1817-ஆம் ஆண்டு, கந்தக அமிலம் செய்யும் தொழிற்சாலையில் அடியில் தங்கிய செந்நிற வண்டலை ஆராய்ந்தார். அதில் டெல்லூரியம் என்னும் தனிமம் இருப்பதாகவே முதலில் எண்ணினார். பின்னர் அது புதிய தனிமம் எனக் கண்டார். டெல்லூரியம் என்பது பூமியின் பெயரால் அமைந்தது. ஆதலின் அதனை ஒத்த இப்புதிய தனிமத்திற்குக் கிரேக்க மொழியில் நிலவைக் குறிக்கும் 'செலீனி' என்ற சொல்லைக் கொண்டு செலினியம் எனப் பெயரிட்டார். தனிம வரிசை அட்டவணையில் இதன் அணு எண் 34. கந்தகத்திற்கு நேர் கீழே இது அமர்ந்திருப்பதைக் காணலாம்.

நெடுங்காலம் வரை செலினியம் ஒரு நஞ்சாகவே அறியப்பட்டிருந்தது. அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாப் பகுதியில் மேய்ந்த குதிரைகளும் மாடுகளும் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்து, குளம்புகள் வெடித்து நொண்டின. அங்குள்ள மண்ணிலும் அதில் விளைந்த பயிரிலும் செலினியம் மிகுந்திருந்ததே அதற்குக் காரணம் என்பது 1930-களில் தெளிவாயிற்று. நம் நாட்டிலும் பஞ்சாப் மாநிலத்தின் நவான்ஷகர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சில ஊர்களின் மண்ணில் செலினியம் மிகுதி. அவ்வூர்களின் கால்நடைகளிடமும் இத்தகைய குறைகள் காணப்பட்டுள்ளன.

இந்நிலையில் 1957-ஆம் ஆண்டு கிளாஸ் சுவார்ஸ் என்னும் அறிஞர் வியப்பான ஓர் உண்மையை வெளியிட்டார். ஒருவகை ஈஸ்ட்டை மட்டுமே புரத உணவாகக் கொண்ட எலிகளின் கல்லீரல் அழிந்து போயிற்று. மிக மிகச் சிறிதளவு செலினியம் சேர்த்ததும் அந்த அழிவு நின்றது. நஞ்சு என்று கருதப்பட்ட பொருள் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதது என்பது அன்று தெரிந்தது. சீன நாட்டின் கேசான் வட்டாரத்தில் சிறுவர்களையும் இளம் பெண்களையும் தாக்கிய இதயநோய் ஒன்றும், மண்ணில் செலினியம் குறைந்த பகுதிகளிலேயே பரவியிருந்தது. 1970-களில் அங்குள்ள சிறுவர்களுக்குச் சோடியம் செலினைட்டு கொடுத்தபோது அந்நோய் பெரிதும் குறைந்தது.

உடலின் காவலர்கள்

இத்தனிமம் உடலுக்குள் செய்யும் பணி யாது? நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் உணவை எரித்து ஆற்றல் தருகிறது. அடுப்பு எரியும்போது தீப்பொறி தெறிப்பதுபோல, இச்செயலின்போது தனி உறுப்புகள் எனப்படும் நிலையற்ற துகள்களும், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்களும் சிறிதளவு உண்டாகின்றன. இவை கட்டுமீறினால் செல்லின் சவ்வையும் புரதத்தையும், மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வையும் தாக்கும். டி.என்.ஏ.வில் நேரும் பழுது சரி செய்யப்படாமல் நிலைத்துவிட்டால், அது செல் தறிகெட்டுப் பெருகுவதற்கு, அதாவது புற்றுநோய்க்கு, வழி திறக்கக் கூடும்.

இத்தாக்குதலைத் தடுக்க உடலில் காவலர் பலர் உள்ளனர். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி செம்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றின் துணையால் முதல் நிலைத் துகள்களை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. இரும்பைக் கொண்ட காட்டலேஸ் அந்தப் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைக்கிறது. மூன்றாவது காவலரே குளூட்டாதயோன் பெராக்சிடேஸ். குளூட்டாதயோன் மூலக்கூறுகள் இரண்டிலிருந்து ஹைட்ரஜனைப் பெற்று, பெராக்சைடை அது தீங்கற்ற நீராக மாற்றுகிறது. இந்நொதியின் உட்பகுதியில் செலினியம் இருப்பதை 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் மெய்ப்பித்தனர்.

இங்கே நம் பாடநூலோடு தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. யு.ஜி.ஏ. என்பது புரத உருவாக்கத்தை நிறுத்தும் குறியீடு என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் செலினியம் கொண்ட புரதங்களை ஆக்கும்போது, அதே குறியீடு 'செலினோசிஸ்டீனைச் சேர்' என்னும் கட்டளையாகிவிடுகிறது! ஆகவே இது 21-ஆவது அமினோ அமிலம் எனப்படுகிறது. மனித உடலில் இவ்வாறு செலினியம் கொண்ட புரதங்களுக்கான ஜீன்கள் 25 உள்ளன.

இவ்விடத்தில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். உடலுக்குத் தேவையான அளவு செலினியம் கிடைத்ததும் இந்நொதியின் செயல் உச்சநிலையை எட்டி நின்றுவிடுகிறது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் அது வழியுமேயன்றிக் குடம் பெரிதாகாது. கட்டுரையின் பிற்பகுதியில் இக்குடத்தை மீண்டும் காண்போம்.

நம்பிக்கை பிறந்த விதம்

மண்ணிலும் பயிரிலும் செலினியம் மிகுந்த அமெரிக்கப் பகுதிகளில் புற்றுநோய் இறப்புகள் குறைவாக இருப்பதாக 1969-ஆம் ஆண்டு ஷாம்பெர்கர், ஃபிராஸ்ட் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். 1977-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கெர்ஹார்டு ஷ்ராவுசர் என்ற வேதியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 27 நாடுகளின் உணவுக் கணக்கைத் திரட்டினர். செலினியம் மிகுதியாக உண்ணும் நாடுகளில் மார்பகப் புற்றுநோய் உட்படப் பல புற்றுநோய்களால் நேரும் இறப்பு குறைவு என்றனர்.

அதற்கு முன்பே 1974-இல் ஷ்ராவுசர் சுண்டெலிகளிடம் நடத்திய சோதனை எல்லோரையும் வியக்க வைத்திருந்தது. அவர் தேர்ந்துகொண்டது, தானாகவே மார்புக் கட்டி தோன்றும் இயல்புடைய ஒரு சுண்டெலி இனம். சாதாரண நீர் பருகியவற்றுள் நூற்றுக்கு 82 எலிகளுக்குக் கட்டி தோன்றியது. நீரில் பத்து இலட்சத்திற்கு 2 பங்கு என்ற அளவில் செலினியம் கலந்து கொடுத்தபோது அது நூற்றுக்கு 10 ஆகக் குறைந்தது. பின்னர் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் கிளமென்ட் இப் என்பவர் எலிகளிடம் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தார். செலினியம் ஊட்டி வளர்த்த பூண்டைக் கொடுத்தாலும் மார்புக் கட்டிகள் குறைவதை அவரும் கார்னெல் பல்கலைக்கழகத்து டொனால்டு லிஸ்கும் 1990-களில் காட்டினர்.

இவற்றைப் படித்தபோது எங்களுக்கும் நம்பிக்கை பிறந்தது என்பதை ஒளிக்காமல் கூறுகிறோம். காவலர் நொதிக்குச் செலினியம் தேவை, வரைபடம் அதையே சொல்கிறது, எலியும் அதையே சொல்கிறது. இனி ஐயம் ஏது என்று எண்ணினோம். "எலிக்குப் பலித்தது பெண்ணுக்கும் பலித்ததா என்று பாருங்கள்" என்று சிஸ்டர் எங்களை மீண்டும் நூலகத்திற்கு அனுப்பினார்.

நகம் சொன்ன சாட்சி

நாடுகளை ஒப்பிடுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு நாட்டிற்கும் மற்றொரு நாட்டிற்கும் செலினியம் மட்டுமா வேறுபடுகிறது? உண்ணும் கொழுப்பு, பெண்கள் தாய்மை அடையும் வயது, தாய்ப்பால் ஊட்டும் காலம், உடலுழைப்பு யாவும் வேறுபடுகின்றன. எது காரணம் என்று வரைபடத்தால் பிரித்துச் சொல்ல இயலாது. சுண்டெலிச் சோதனையிலும் இடர்ப்பாடு உண்டு. அந்த இனத்து எலிகளுக்குக் கட்டி வருவது தாய்ப்பால் வழியாகப் பரவும் ஒரு வைரசினால். பெண்களுக்கு நோய் வரும் வழி அதுவன்று.

ஆதலால் பெண்களையே நேராக ஆராய வேண்டியிருந்தது. ஒருத்தி பல மாதங்களாக உண்ட செலினியத்தை எப்படி அளப்பது? நேற்று உண்டது என்ன என்றுகூட நாம் மறந்துவிடுகிறோமே! இதற்கு ஓர் எளிய வழியை ஆய்வாளர் கையாண்டனர். கால்விரல் நகம் மெல்ல வளர்வது. அது உருவான காலத்தில் உண்ட செலினியம் அதில் பதிந்திருக்கும். அமெரிக்காவில் செவிலியர் 62,641 பேர் தம் கால் நகத் துண்டுகளை ஆய்வாளருக்கு அனுப்பி வைத்தனர். நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அவர்களுள் 434 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அவர்களுடைய நகங்களையும், நோய் காணாதவர்களின் நகங்களையும் ஒப்பிட்டு 1990-ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. செலினியம் மிகுந்திருந்தவர்களுக்கு நோய் குறைவாக வரவில்லை. எதிர்பார்த்த வேறுபாடு தென்படவே இல்லை.

நோய் வருமுன்பே சேர்த்து வைத்த நகங்கள் ஆதலால் இச்சாட்சி வலிமை வாய்ந்தது. நோய் வந்த பின் அளந்தால், நோயே செலினியத்தின் அளவை மாற்றியிருக்கக் கூடுமன்றோ?

மாத்திரைச் சோதனைகள்

மாத்திரையின் பயனை அறிய நேர்மையான வழி ஒன்றே. மக்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்து ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும். இவ்வகையில் லாரி கிளார்க் என்பவர் 1983-இல் தொடங்கிய ஆய்வில், முன்னரே தோல் புற்றுநோய் கண்ட 1,312 பேர் பங்கு கொண்டனர். நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுக்கப்பட்டது. தோழியரே, எங்கள் தோழி கொண்டுவந்த புட்டியின் மேலும் இதே 200 என்னும் எண்தான் அச்சிடப்பட்டிருந்தது!

1996-இல் வெளியான முடிவு விந்தையானது. எந்தத் தோல் புற்றுநோயைத் தடுக்க எண்ணினரோ, அது குறையவில்லை. ஆனால் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி, நுரையீரல், பெருங்குடல் ஆகியவற்றின் புற்றுநோய்கள் குறைந்தாற்போல் தோன்றியது. மார்பகப் புற்றுநோயில் பயன் எதுவும் காணவில்லை. பங்கு கொண்டவர்களுள் பெரும்பாலோர் ஆண்களே. விளம்பரங்கள் பெரிதுபடுத்துவது இந்த ஆய்வையே. அதே மக்களைத் தொடர்ந்து கவனித்ததில், செலினியம் உண்டவர்களிடையே நீரிழிவு கூடுதலாகக் காணப்பட்டது என்று 2007-இல் வெளியான செய்தியை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

தோன்றியது மெய்தானா என்று அறிய 2001-இல் இன்னும் பெரிய ஆய்வு தொடங்கிற்று. 35,533 ஆண்கள் அதில் சேர்ந்தனர். செலினியம், வைட்டமின் ஈ, இரண்டும் சேர்ந்தது, வெற்று மாத்திரை என நான்கு பிரிவுகள். பயன் இல்லையெனத் தெளிவானதால் 2008-ஆம் ஆண்டு மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. வைட்டமின் ஈ மட்டும் உண்ட பிரிவில் புராஸ்டேட் புற்றுநோய் நூற்றுக்கு 17 பங்கு கூடியிருந்தது என்று 2011-இல் அறிவித்தனர். காவலர் என்று நம்பி அழைத்தவர் காவல் செய்யவில்லை.

ஏன் பலிக்கவில்லை?

முன்பு சொன்ன குடத்தை நினைவுகூர்வோம். அமெரிக்க மக்கள் பலரும் உணவிலேயே போதிய செலினியம் பெறுபவர்கள். அவர்களுடைய குடம் நிறைந்திருந்தது. மேலும் ஊற்றியதால் காவலர் நொதி பெருகவில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. ஆக்சிகரணத்தைத் தடுக்கும் காவல், நல்ல செல்லுக்கு மட்டும் உரியதன்று. புற்றுநோய்ச் செல்லும் அதே காவலைப் பயன்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையும் சில மருந்துகளும் நோய்ச் செல்லைக் கொல்வது பெரும்பாலும் இத்தனி உறுப்புகளை உண்டாக்கியே. ஆகையால் சிகிச்சை பெறும் காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய மாத்திரைகளை உண்ணலாகாது.

ஆராய்ச்சி இத்துடன் முடிந்துவிடவில்லை. சுவீடனில் மார்பகப் புற்றுநோய் கண்ட ஏறத்தாழ 2,000 பெண்களின் இரத்தத்தை ஆராய்ந்து 2021-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். செலினியமும் செலினியப் புரதங்களும் மிகக் குறைந்திருந்தவர்களுக்கு நோய் மீண்டும் வருவதும் இறப்பும் கூடுதலாக இருந்தன. ஐரோப்பிய மண் பல இடங்களில் செலினியம் குறைந்தது. இக்காரணத்தாலேயே பின்லாந்து 1984 முதல் உரத்தில் செலினியம் கலந்து வருகிறது. குறைவாக உள்ளவர்களுக்கு அதனை நிரப்பினால் நன்மை விளையுமா என்பது இனிச் சோதித்தறிய வேண்டிய கேள்வி. குறைவு தீங்கு என்பதும், மிகுதி மருந்து என்பதும் ஒன்றல்ல என்பதே நாங்கள் கற்ற பாடம்.

தட்டில் உள்ள செலினியம்

நாளொன்றுக்கு வயதுவந்த ஒருவருக்கு 55 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர்களின் கணக்கு. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம். நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். இந்த அளவில் ஒரே ஒரு கிராம் செலினியம் ஒருத்திக்கு ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் போதும்! மீன், முட்டை, இறைச்சி, முழுக் கோதுமை, பருப்பு வகைகள் ஆகியவற்றில் இது உள்ளது. தானியத்தில் எவ்வளவு என்பது விளைந்த மண்ணைப் பொறுத்தது.

400 மைக்ரோகிராமுக்கு மேல் நாள்தோறும் உண்ணலாகாது என்றும் அவர்கள் வரம்பு கட்டியுள்ளனர். மிகுந்தால் முடி உதிரும், நகம் பிளவுபடும், மூச்சில் பூண்டு மணம் வீசும். 2008-இல் அமெரிக்காவில் ஒரு சத்து நீரில் தவறுதலாகக் குறிப்பிட்ட அளவைவிட 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டதால் 201 பேர் துன்புற்றனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இத்தனிமத்திற்கு எவ்வளவு பொருத்தம்!

பெரியம்மா சொன்னது

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6,70,000 பேர் அந்நோயால் இறந்தனர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது புற்றுநோய், எது அன்று என்பதைத் தொட்டுப் பார்த்து நாமே தீர்மானிக்க இயலாது. வலி இல்லை என்பதும் ஆறுதல் அல்ல, தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. புதிய கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு இவற்றுள் எது தோன்றினும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாய்ப்பால் ஊட்டுதல், உடலுழைப்பு, உடல் எடையை அளவோடு காத்தல், மதுவை விலக்குதல் ஆகியவை ஆபத்தைக் குறைக்கும் என்பது பல ஆய்வுகள் கண்ட உண்மை. இவை செய்தும் நோய் வருவதுண்டு. ஆகவே நோயுற்றவரை 'என்ன தவறு செய்தாரோ' என்று எண்ணுவது அறியாமை.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் நாங்கள் நால்வரும் தோழியுடன் பெரியம்மாவைக் காணச் சென்றோம். உரக்கப் படித்துக் காட்டினோம். செவிலியர் நகம் அனுப்பிய பகுதியைக் கேட்டு அவர் சிரித்தார். மாத்திரைச் சோதனைகள் பற்றிப் படித்தபோது மௌனமானார். முடிவில், "அந்த மாத்திரையால எனக்குக் கெடுதல் வந்ததோ இல்லையோ, அதை நம்பி ஏழு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, அதுதாம்மா கெடுதல். நீங்க உங்க அம்மாகிட்ட எதையும் மறைக்காதீங்க. உங்க அம்மாவையும் மறைக்க விடாதீங்க" என்றார்.

தோழியின் கேள்விக்கு எங்கள் விடை இதுவே. செலினியம் நமக்குத் தேவை. அதனைச் சோற்றுத் தட்டிலிருந்து பெறுவோம். மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் மாத்திரை என்று அதனை வாங்க வேண்டியதில்லை. இவ்விதழை இன்றிரவு வீட்டில் அம்மாவுக்கும், அத்தைக்கும், பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள். யாரேனும் எதையேனும் சொல்லத் தயங்குவதாகத் தோன்றினால், அருகில் அமர்ந்து கேளுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள்.